எதிரில் நிற்பவன்

போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டாரை ஒற்றை ஆளாக மேலே தூக்க முடியாது. மற்ற வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. பெயின்ட் அடிக்கிறவன் தனியாக அடிப்பான், குழாய் மாட்டுகிறவன் தனியாக மாட்டுவான், ஏசிக்காரன் ஏணியில் தொங்கிக்கொண்டே தனியாகச் சமாளிப்பான். இதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் குனிந்து கறுப்புக் குழாயைக் கை எட்டும் அளவுக்கு இழுத்து நிறுத்துவான். அவன் பிடியை மாற்றுகிற நேரத்தில் எதிரில் நிற்பவன் மொத்தக் கனத்தையும் தாங்க வேண்டும். அடுத்து இவன் தாங்குவான், அவன் மாற்றுவான். தண்ணீர் நிறைந்த குழாயும் அடியில் தொங்கும் மோட்டாருமாக அத்தனை ஆழத்திலிருந்தும் இப்படித்தான் வந்து சேர வேண்டும். நடுவில் ஒருத்தன் மூக்கைச் சொறிய நினைத்தால் போதும், மோட்டார் பாதாளத்துக்குப் போய்விடும், போரும் அதோடு பாழ்.

கருத்தக்கண்ணனுக்கு எதிரில் நின்றவர் துளசிராம். முனிச்சாலைக்காரர், சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. தறியில் உட்கார வேண்டிய கையை மோட்டார் காயில் கட்டுவதில் பழக்கிக்கொண்டவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, அவர் கட்டித் தந்தால் அது அடுத்த மோட்டார் வாங்குகிற வரைக்கும் ஓடும். கருத்தக்கண்ணன் திருவாதவூரிலிருந்து வந்தவன். தூக்குவது, இறக்குவது, ஒயரிங், ஸ்டார்ட்டர் எல்லாம் அவன் பாடு. யார் போனுக்கு வேலை வந்தாலும் இருவரும் போவார்கள், கிடைத்ததைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். இது யார் பிடித்த வேலை என்ற கேள்வி அவர்களுக்குள் வந்ததே இல்லை. கணக்கு வழக்கு இல்லாமல் இத்தனை வருஷம் ஒரு கூட்டு ஓடியதென்றால் அதைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் வேண்டும்.

ஆனால் போன் என்னவோ துளசிராமுக்குத்தான் வந்தது. கோரிப்பாளையத்தில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்காரர் அவர் நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுப்பார். அதனால் எந்த வீட்டுக் கதவு திறந்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான். துளசி வந்துட்டாரா, கூட ஆளையும் கூட்டிட்டு வந்துட்டாரா. அந்த 'ஆள்' என்கிற சொல் கருத்தக்கண்ணனுக்கு நெஞ்சில் முள்ளாக ஏறும். அவனுடைய அப்பா திருவாதவூரில் ஆயுசு முழுக்க இன்னார் வீட்டு ஆள் என்றே அழைக்கப்பட்டு, அப்படியே செத்தும் போனார். எழவு சொல்லப் போனவர்கள்கூடப் பெயரைச் சொல்லவில்லை, இன்னார் வீட்டு ஆள் தவறிவிட்டான் என்றுதான் சொன்னார்கள். துளசிராம் பாவம், ஒவ்வொரு வீட்டிலும் திருத்துவார். ஆள் இல்லம்மா, பார்ட்னர் என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, உள்ளே போய் ஆளுக்கும் சேர்த்து டீ கொண்டு வருவார்கள். இன்னொருத்தர் வாயால் திருத்திச் சொல்லித்தான் நமக்கு மரியாதை வர வேண்டுமா என்று அவனுக்கு வேகும்.

இந்த வேக்காட்டில் இருந்தபோதுதான் அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். சென்னையிலிருந்து பேசுகிறாளாம். தேனில் தோய்த்து எடுத்த குரல். அவனை 'சார்' என்றாள். எடுத்த எடுப்பிலேயே மூன்று தடவை சார் என்றாள். வீட்டில் ஏதாவது பழுதானால் இப்போதெல்லாம் ஜனங்கள் தங்கள் வெப்சைட்டில்தான் தேடுகிறார்கள், சார் பணம் கட்டிச் சேர்ந்தால் அப்படித் தேடுகிறவர்களின் பெயரும் நம்பரும் சாருடைய போனுக்கே வந்துவிடும், சாருடைய பெயரிலேயே தனிப் பக்கம் இருக்கும் என்றாள். கடைசியாகச் சொன்னதில்தான் கருத்தக்கண்ணன் விழுந்தான். மற்றதெல்லாம் அவன் காதில் ஏறியதா என்பதே சந்தேகம்.

அவன் மனைவி சரண்யாதேவி பக்கத்து வீட்டு கேட் முன்னால் அவனை நிறுத்திப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். பக்கம் வந்தது. 'கருத்தக்கண்ணன் மோட்டார் சர்வீஸ்'. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். சோறு தின்னும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்ப்பான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அப்பன் பெயரை ஊர் மறந்துபோன ஒருத்தனுக்குத்தான் அந்த எழுத்துகளின் ருசி தெரியும்.

துளசிராமிடம் அவன் சொல்லவில்லை. தினமும் பைக்கில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பான். சொன்னால் அவர் கோபிக்கமாட்டார் என்பதும் தெரியும். ஆனால், அப்படியா மாப்ள, ரெண்டு பேரையும் சேத்துப் போட்டுருவோம் என்பார். இவன் பயந்தது அதற்குத்தான். சேர்த்துப் போடுவதை அவன் விரும்பவில்லை.

வெப்சைட்டின் லட்சணம் சீக்கிரமே தெரிந்தது. ஒருத்தர் மோட்டார் ரிப்பேர் என்று போட்டால் அந்த நம்பரை அவனுக்கு மட்டுமா விற்றார்கள்? பணம் கட்டிய அத்தனை பேருக்கும் விற்றார்கள். பந்தியில் ஒரே இலையை ஐந்து பேருக்கு எழுதிக் கொடுத்த கதைதான். இவன் கூப்பிடும்போது அந்தப் பக்கம் இருப்பவர் ஏற்கெனவே சலித்துப்போய், இன்னும் எத்தனை பேர் கூப்பிடுவீர்கள் என்று கடிந்துகொள்வார். சிலர் சும்மா விலை தெரிந்துகொள்ளப் போட்டிருப்பார்கள். ஒருத்தருக்கு வேலை மதுரையிலேயே இல்லை, திண்டுக்கல்லில். ஒரு அம்மாள் மிக்ஸி மோட்டாருக்குப் போட்டிருந்தாள். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, நம்பர் வந்ததற்குக் காசு போய்விடும். இந்தப் பணத்துக்கு அது தகுமா என்று சரண்யாதேவி ஒரு நாள் கேட்டாள். அவன் அவளிடம் எரிந்து விழுந்தான். கணக்குப் பார்த்தால் தகாது என்று அவனுக்கும் தெரியும். பெயரை எடுத்துவிடுவார்களே என்றுதான் விடவில்லை.

இதில் ஒரு போட்டிக்காரன் வேறு முளைத்தான். பாதி வீடுகளில் ஒரே பேச்சு. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் பேசினார், இன்ன ரேட் சொன்னார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பார்கள். அந்த ஆள் தன்மையாகப் பேசினார் என்று வேறு சொல்வார்கள். யாரென்று கேட்டால் என்னமோ பம்ப் சர்வீஸ் என்பார்கள். அவன் சொன்ன ரேட் ஒவ்வொரு முறையும் இவனும் துளசிராமும் வழக்கமாக வாங்குகிற அதே ரேட். அப்போதாவது இந்த மடையனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவனுக்கு ஒரு வெறுப்பு வளர்ந்தது. ரேட்டைக் குறைத்தான். குறைத்தும் இழுபறி ஆனபோது ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்த மாதிரி ஆட்களை நம்பாதீர்கள், எரிந்த காயிலையே வார்னிஷ் அடித்துப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவார்கள் என்றான். வேலை உடனே கிடைத்தது. ஒரு தடவை பலித்த பொய்யை யார் விடுவார்கள்? பிறகு அதுவே அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

வேலை கிடைத்ததும் யாரைக் கூப்பிடுவான்? துளசிராமைத்தான். எதிரில் நின்று பிடிக்க அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பழைய பழக்கம்ணே, கொறச்சுத்தான் கேக்குறாக என்பான். அவரும் வருவார். வாசலில் கொஞ்சம் நின்று வீட்டு நம்பரைப் பார்ப்பார், அப்புறம் உள்ளே நுழைவார். குறைந்துபோன கூலியில் பாதியை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு கேள்வி கேட்டதில்லை. முன்போல் பைக்கில் பாட்டு முணுமுணுப்பதையும் விட்டிருந்தார். சுகர் கூடியிருக்கும் என்று கருத்தக்கண்ணன் நினைத்துக்கொண்டான்.

ஆனையூரில் தமிழ்ச்செல்வி என்றொரு அம்மாள் வீட்டில் அது வெடித்தது. வெப்சைட்டில் வந்த வேலைதான். புது வீடு, பழைய போர். மோட்டாரோடு கட்டியிருந்த நைலான் கயிறு நைந்து அறுந்து போயிருந்தது. அதனால் கனம் முழுக்கக் குழாயிலும் நான்கு கைகளிலும்தான். கையை விட்டால் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. பாதிக் குழாய் வெளியே வந்து முற்றத்தில் வளைந்து கிடந்தது. இருவருக்கும் வியர்வை கண்ணில் இறங்கியது.

அந்த அம்மாள் படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம். வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த ஸ்ரீ சாய் பம்ப் சர்வீஸ்காரரப் பத்தி போன்ல என்னா சொன்னீங்க? பழைய காயில வார்னிஷ் அடிச்சு ஏமாத்துறவருன்னு சொன்னீங்கல்ல? நானும் நம்பிட்டேன். அப்புறம் அவரு ரேட்ட கொறைப்பாரான்னு பாக்க மறுபடி கூப்புட்டேன். கருத்தக்கண்ணன்னு ஒருத்தரு கம்மியாச் சொல்றாருன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? கருத்தக்கண்ணனா, கண்ண மூடிட்டுக் குடுங்கம்மா, அவரு கை மாதிரி மதுரையில இன்னொரு கை கெடையாதுன்னாரு. நீங்க அவர அம்புட்டுப் பேசுறீங்க, அவரு ஒங்கள இம்புட்டுப் பேசுறாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு."

சாய்குமார் என்பது துளசிராமின் மகன் பெயர். கருத்தக்கண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிரே ஒரு முழத் தூரத்தில், அதே குழாயைப் பிடித்தபடி, துளசிராமின் முகம் இருந்தது. அந்த முகத்தில் வியப்பு இல்லை. ஸ்ரீ சாய் யார் என்பது இவனுக்குத்தான் இப்போது தெரிந்தது, கருத்தக்கண்ணன் யார் என்பது அவருக்கு எப்போதோ தெரியும். அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், இவன் அவர் கைவேலையைப் பற்றி ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தான் என்பது. அதையும் இப்போது கேட்டுவிட்டார். அவருடைய உதடு லேசாகக் கோணியது.

உலகத்தில் வேறு எந்த இடத்தில் இது நடந்திருந்தாலும் ஒருத்தர் எழுந்து போயிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். இங்கே எதுவும் முடியாது. யார் கையை எடுத்தாலும் அந்த அம்மாளின் போர் பாழாகும். கருத்தக்கண்ணனுக்குப் பிடி வழுக்கியது.

"பைப்பப் பாரு" என்றார் துளசிராம்.

அவ்வளவுதான் சொன்னார். இவன் பிடியை மாற்ற, அவர் தாங்கினார். அவர் மாற்ற, இவன் தாங்கினான். மிச்சக் குழாய் முழுவதும் அப்படியே வந்தது. அவருடைய கை ஒரு தடவைகூடத் தளரவில்லை. அத்தனை நேரமும் அழாமல் இழுத்தது கருத்தக்கண்ணன் செய்த ஒரே நல்ல காரியம்.

மோட்டார் வெளியே வந்து தரையில் கிடந்தது. எரிந்துதான் போயிருந்தது, காயில் கட்ட வேண்டும். இப்படி ஒரு மோட்டார் கிடைத்தால் துளசிராம் துண்டில் சுற்றிப் பிள்ளையைப் போல மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போவார். அன்றைக்கு அதைத் தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அந்த அம்மாளிடம் போனார்.

"கம்பெனி சென்டர்லயே குடுத்து கட்டிக்கங்கம்மா. வெளிய குடுத்தா ஒங்களுக்கும் சந்தேகமா இருக்கும்" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சரி என்று தலையாட்டினாள்.

தெருவுக்கு வந்ததும் கருத்தக்கண்ணன் பைக்கை எடுக்காமல் நின்றான்.  துளசிராமே சொன்னார். போன் வருவது குறைந்துகொண்டே போனதைப் பார்த்து மகள் இந்துப்ரியாதான் வெப்சைட்டில் பதிந்து கொடுத்தாளாம். இவனிடம் சொல்லலாம் என்று இருந்தபோதே ஒரு வீட்டில் இவன் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். சொல்லாமல் சேர்ந்திருக்கிறான் என்றால் ஏதோ காரணம் இருக்கும், கேட்டால் கூச்சப்படுவான் என்று விட்டுவிட்டாராம். எப்படியும் அவன் வேலை பிடித்தாலும் நாமும்தானே போகப்போகிறோம் என்று நினைத்தாராம். இதையெல்லாம் அவர் வேறு யாருக்கோ நடந்த விஷயத்தைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். பிறகு பைக்கில் ஏறாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். இவன் பின்னால் ஓடினான், அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு போன் செய்தால் எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. எடுத்து, உடம்பு சரியில்லை, இன்றைக்கு முடியாது என்பார். நாளைக்கும் அதே. கருத்தக்கண்ணன் கூலிக்கு வேறு ஒருத்தனைக் கூட்டிப் போனான். அவனும் நல்ல பலசாலிதான். ஆனால் இவன் பிடியை மாற்றும்போதெல்லாம் அவன் தாங்குகிறானா என்று பார்த்துப் பார்த்தே இவனுக்குக் கழுத்து வலித்தது. துளசிராமோடு நின்றபோது அவன் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் முன்னால் முனிச்சாலைக்குப் போனான். துளசிராமின் மனைவி அலர்மேல்மங்கை எப்போதும்போல வாங்க என்றாள், காபி கொண்டு வந்து வைத்தாள். அவரும் வாங்க என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவனை அப்படி அழைத்ததில்லை. கணவனும் மனைவியும் தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவன் இருக்கும்போது அவர்கள் தமிழில்தான் பேசுவார்கள், வீட்டுக்கு வந்தவன் முன்னால் அவனுக்குப் புரியாமல் பேசுவது மரியாதை இல்லை என்று துளசிராம் குழந்தைகளைக்கூடக் கண்டிப்பார். அவன் காபி டம்ளரை ஓரமாக வைத்தான்.

மன்னிப்புக் கேட்டான். ஆனையூரில் சொன்னது மட்டுமில்லை, இன்னும் பல வீடுகளில் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினான். தன் பக்கத்தை அன்றைக்கே எடுத்துவிடுவதாகவும், இருவர் பெயரையும் சேர்த்துப் போடலாம் என்றும், அவர் பெயரே முதலில் இருக்கட்டும் என்றும் கெஞ்சினான். துளசிராம் குறுக்கே பேசாமல் கேட்டார். தன் பக்கத்தை எப்போதோ எடுத்துவிட்டதாகச் சொன்னார். கீழவாசலில் ஒரு பட்டறையில் காயில் கட்டப் போகிறாராம். உட்கார்ந்து செய்கிற வேலை, வெயில் இல்லை என்றார்.

"எம் மேல இன்னும் கோவமாண்ணே?" என்று கேட்டான்.

"கோவம்லாம் போயிருச்சு தம்பி. நீ பேசுனத நான் மறந்துட்டேன்னே வச்சுக்க. ஆனா அன்னைக்கி ஆனையூர்ல மிச்ச பைப்ப இழுக்கையில, நான் கைய மாத்துற ஒவ்வொரு தடவையும், இவன் விட்டுருவானோன்னு நெனப்பு வந்துச்சு. நீ விட மாட்டேன்னு தெரியும். தெரிஞ்சும் வந்துச்சு. அந்த நெனப்பு ஒருக்கா வந்துருச்சுன்னா அப்புறம் அந்த ஆளு எதிர்ல நின்னு பைப்பத் தொடக் கூடாது. ஒனக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாமல் எழுந்தான். துளசிராம் வாசல் வரை வந்தார், பார்த்துப் போ என்றார். கதவை உடனே சாத்தாமல், அவன் தெரு முனை திரும்பும் வரைக்கும் நின்றார். அந்த அளவுக்கு மனசு இருந்தது. மனசு இருந்து என்ன செய்ய?

முனை திரும்பியதும் போன் அதிர்ந்தது. வெப்சைட்டிலிருந்து ஒரு நம்பர். திருநகரில் ஒரு வீடு, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லை. பழக்கதோஷம், விரல் தானாக அழுத்திவிட்டது. எடுத்தது ஒரு பெண். அவன் ரேட்டைச் சொன்னான். குறைத்த ரேட் இல்லை, அவனும் துளசிராமும் வழக்கமாக வாங்குகிற ரேட். பேரம் பேசுவாள் என்று காத்திருந்தான்.

"சரிங்க, காலையில வந்துருங்க" என்றாள்.

முன்னாடி ஒருத்தர் பேசினார், இன்ன ரேட் சொன்னார் என்ற பேச்சே வரவில்லை. அவனால் பொறுக்க முடியவில்லை. வேற யாரும் கூப்பிடலையாம்மா என்று அவனே கேட்டான். இல்லையே, நீங்கள்தான் முதலில் என்றாள் அவள். வீட்டில் நாய் இருக்கிறது, புது ஆட்கள் வந்தால் கட்டிப்போட வேண்டும், எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டாள்.

 கருத்தக்கண்ணன் முனிச்சாலைத் தெருவில், ஜனங்கள் போய்வருகிற இடத்தில், பைக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதான். அந்தப் பெண் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, ஹலோ, கேக்குதா, எத்தன பேரு வருவீங்க என்று இன்னொரு தடவை கேட்டாள்.